கிழவருக்கு ஒரு வசனம்

நாடகங்களைப் பற்றி எழுதுகிற என் நண்பர் ஒருவருக்குத் தீராத மனக்குறை ஒன்று உண்டு. சென்னையில் சபா நாடகங்களுக்கு வருகிறவர்கள் நாடகம் பார்க்க வருவதில்லை, உறவுக்காரர்களைப் பார்க்கத்தான் வருகிறார்கள் என்பார். "மாம்பலத்தில் இருக்கிற தங்கையை மயிலாப்பூரில் இருக்கிற அக்காள் எங்கே பார்ப்பாள்? சபாவில் பார்ப்பாள். பெண்ணுக்கு ஜாதகம் வந்ததா என்று விசாரிப்பாள். இடைவேளையில் போண்டா தின்பாள். இந்தக் கூட்டத்துக்கு முன்னால் எவன் ஐயா நல்ல நாடகம் போடுவான்?" இது அவருடைய வாதம்.

அவர் சொல்லும் செய்தி உண்மைதான். அதிலிருந்து அவர் எடுக்கும் முடிவுதான் எனக்குச் சம்மதமில்லை. உறவினரைப் பார்க்க வருவது நாடகத்துக்கு விரோதமான காரியம் என்று யார் சொன்னது? நாவலை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகப் படிக்கலாம்; நாவல் எழுதுகிற எனக்கு அதில் ஆட்சேபம் கிடையாது. சினிமாவுக்கும் தனியாகப் போய்விட்டு வரலாம். நாடகம் அப்படியல்ல. நம் நாட்டில் அது ஆதி நாளிலிருந்து கூட்டமாக உட்கார்ந்து பார்ப்பதற்கென்றே ஏற்பட்டது. அந்தக் கூட்டத்தில் இருப்பவர்கள் ஏதோ ஒரு வழியில் ஒருவருக்கொருவர் வேண்டியவர்களாகத்தான் இருந்து வந்திருக்கிறார்கள்.

வட ஆர்க்காடு, தென்னார்க்காடு என்று முன்பு நாம் சொல்லிவந்த ஜில்லாக்களில் திரௌபதி அம்மன் கோயில்களில் அக்கினி வசந்த விழா நடக்கிறது. பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. வெளியூரில் வாழ்க்கைப்பட்ட பெண்கள் குழந்தை குட்டிகளோடு பிறந்த ஊருக்கு வருகிறார்கள். பாயும் போர்வையுமாகக் கூத்துக்களத்தின் ஓரத்தில் இடம் பிடித்து, விடிய விடிய உட்காருகிறார்கள். கதை அவர்களுக்குத் தெரியாததல்ல. துரியோதனன் தொடையில் அடிபட்டுச் சாகப் போகிறான் என்பது கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனாலும் படுகளத்தன்று களிமண்ணால் பெரிய உருவமாக அவனைத் தரையில் கிடத்தியிருக்கும்போது, ஊர் முழுவதும் சுற்றி நிற்கிறது. இரவுக் கூத்தில் கட்டியங்காரன் இருக்கிறானே, அவன் அரசனுக்கு மட்டும் கட்டியம் கூறுகிறவன் அல்ல. கூட்டத்தின் பக்கம் திரும்பி, எதிரே உட்கார்ந்திருப்பவர்களையும் வம்புக்கு இழுப்பான். தன் முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் யார் என்பது அந்தக் கூத்துக்குத் தெரியும்.

தெற்கே மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்துத் திருவிழாக்களில் ஸ்பெஷல் நாடகம் என்று ஒன்று நடக்கிறது. நடிகர்கள் வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்து, ஒத்திகை இல்லாமலே அன்றிரவு மேடை ஏறுகிறார்கள். பெரும்பாலும் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வகுத்துக் கொடுத்த நாடகங்கள்தான். அவற்றில் 'வள்ளி திருமண'த்துக்குத் தனி மவுசு. அதில் வள்ளிக்கும் நாரதருக்கும், பிறகு வள்ளிக்கும் வேலனுக்கும் நடக்கும் தர்க்கத்தைக் கேட்பதற்காகவே ஜனங்கள் தூக்கத்தை விட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு கேள்விக்கு ஒரு பதில். பதில் சொல்லாமல் யாரும் தப்ப முடியாது. முன்வரிசைக் கிழவி ஒருத்தி வள்ளிக்குப் பதில் எடுத்துக் கொடுத்ததை நானே ஒரு முறை கேட்டிருக்கிறேன்.

சென்னைப் பட்டணத்தில் 1891-ல் பம்மல் சம்பந்த முதலியாரும் அவருடைய நண்பர்களும் சுகுண விலாச சபையை ஆரம்பித்தார்கள். வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் வேஷம் கட்டினார்கள். சம்பந்த முதலியாரே வக்கீலாக இருந்து, பிறகு நீதிபதியும் ஆனவர். கூத்தாடி என்று ஏளனம் செய்த காலம் போய், கௌரவமான குடும்பங்கள் நாடகத்துக்கு வரலாம் என்ற நிலைமை ஏற்பட்டதில் அந்தச் சபைக்குப் பெரிய பங்கு உண்டு. ஆகவே, இன்றைக்கு அக்காளும் தங்கையும் சபாவில் சந்தித்துக்கொள்கிறார்கள் என்றால் அது சீர்கேடு அல்ல. நம்முடைய பெரியவர்கள் பாடுபட்டுத் தேடி வைத்த சொத்து அது.

அப்படியானால் நாடகம் ஏன் சப்பென்று இருக்கிறது? இதற்குப் பதில் தேடிக் கூட்டத்தைப் பார்க்கக் கூடாது. மேடையைப் பார்க்க வேண்டும். சென்ற கோடையில் ஒரு சனி, ஞாயிறு அடுத்தடுத்து இரண்டு நாடகங்கள் பார்க்க நேர்ந்தது. அவற்றை வைத்துக்கொண்டு பேசினால் நான் சொல்ல வருவது விளங்கும்.

நாடகம் பார்ப்பதற்கென்று நான் தஞ்சாவூரிலிருந்து ரயில் ஏறவில்லை. திருவையாற்றில் என் சித்தப்பா தனியாக இருக்கிறார். வயது எழுபத்தொன்பது. சித்தி காலமாகி இரண்டு வருஷமாகிறது. பிள்ளைகள் இரண்டு பேர். பெரியவன் பெங்களூரில் இருக்கிறான். சின்னவனுக்குச் சென்னையில் வேலை. வீட்டை விற்றுவிட்டு அப்பாவைப் பெங்களூருக்கு அழைத்துப் போவதென்று பெரியவன் சொல்லிக்கொண்டிருந்தான். கோயம்புத்தூர்ப் பக்கத்தில் முதியவர்களுக்கென்று கட்டியிருக்கும் குடியிருப்பில் இடம் வாங்கிவிடலாம் என்பது சின்னவன் யோசனை. ஆறு மாதமாக இரண்டு பேரும் டெலிபோனில் பேசிப் பேசி, கடைசியில் பேச்சையே நிறுத்திவிட்டார்கள். மயிலாப்பூரிலிருக்கும் என் அக்காள்தான் ஏற்பாடு செய்தாள். எல்லோரும் வாருங்கள், கோடை நாடக விழாவுக்கு டிக்கெட் வாங்கியிருக்கிறேன் என்று அழைத்தாள். சித்தப்பாவை அழைத்து வரும் வேலை எனக்கு. "வீட்டுல உட்கார்ந்தா கத்துவாங்கடா. சபாவுல கத்த முடியாது பாரு" என்றாள் அக்காள். அத்தான் சிரித்தார். எனக்கும் அது நல்ல யோசனை என்றே பட்டது.

சனிக்கிழமை ஹாஸ்ய நாடகம். ஒரு வீட்டில் ஒரே பெயரில் இரண்டு பேர். ஒருவன் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை, மற்றவன் புதிதாக வந்த சமையற்காரன். ஆள் மாறாட்டத்தில் இரண்டு மணி நேரம் போகிறது. பகலெல்லாம் ஆபீஸில் வேலை பார்த்துவிட்டு, இரவில் ஒத்திகை பார்த்து நடிக்கிறவர்கள். ஒருவர் வசனம் முடிவதற்கும் அடுத்தவர் தொடங்குவதற்கும் நடுவில் இம்மி இடைவெளி இல்லை. அந்த உழைப்பை வணங்க வேண்டும். நாங்களும் சிரித்தோம். சித்தப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

ஆனால் மறுநாள் காலை காபி குடிக்கும்போது, நேற்றுச் சிரித்த வசனம் ஒன்றைச் சொல்லிப் பார்ப்போம் என்று ஆளுக்கு ஆள் முயன்றோம். வசனம் ஞாபகம் வந்தது. அதைச் சொன்னவர் யார் என்பது ஞாபகம் வரவில்லை. மாமனார் சொன்னாரா, சமையற்காரன் சொன்னானா? இங்கேதான் கோளாறு. யார் வாயிலிருந்து எடுத்து யார் வாயில் வைத்தாலும் பொருந்துகிற ஹாஸ்யம் அது. வார்த்தை விளையாட்டு மட்டமானது என்று நான் சொல்லவில்லை. அதை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு சபையைக் கட்டிப் போடலாம் என்று 2019-ல் மறைந்த கிரேஸி மோகன் பல ஆண்டுகள் நிரூபித்துக் காட்டினார். ஆனால் அவருடைய மாது பேசுகிற அசட்டுத்தனம் மாதுவுக்கே உரியது. இன்னொருவன் அதைக் கடன் வாங்க முடியாது. சனிக்கிழமை நாடகத்தில் பாத்திரங்கள் இல்லை. பன்னிரண்டு வாய்கள் இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை சமூக நாடகம். திரை விலகியதும், சோபா ஒன்று, மாலை போட்ட அம்மாவின் படம் ஒன்று, வலது ஓரத்தில் சாய்வு நாற்காலி ஒன்று. சாய்வு நாற்காலியில் மனைவியை இழந்த தகப்பனார். மகன்கள் இரண்டு பேர், மகள் ஒருத்தி. அப்பாவை யார் எத்தனை மாதம் வைத்துக்கொள்வது என்பது பிரச்னை. இதைப் பார்த்ததும் என் அக்காள் என்னைப் பார்த்தாள். அவள் என்ன கதை என்று விசாரிக்காமல் வாங்கிய டிக்கெட் அது. எங்கள் வரிசையில் பெரியவன் ஒரு கோடியில், சின்னவன் மறு கோடியில், நடுவில் சித்தப்பா. எழுந்து போகவும் முடியாது.

நாடகம் திறமையாகவே கட்டப்பட்டிருந்தது. மூத்த மருமகள் கடுகடுப்பு, இளையவன் சாது, மகள் வரும்போதெல்லாம் அழுகிறாள். நடுவில் ஒரு டாக்டர் வந்து பெற்றோரைப் போற்ற வேண்டும் என்று பிரசங்கம் செய்துவிட்டுக் கைதட்டல் வாங்கிக்கொண்டு போகிறார். கடைசிக் காட்சியில் மூத்த மகன் அப்பாவின் பழைய பெட்டியைத் திறக்கிறான். அடகுக் கடை ரசீது ஒன்று கிடைக்கிறது. தன்னுடைய காலேஜ் சம்பளத்துக்காக அம்மாவின் வளையல்கள் அடகுக்குப் போன விஷயம் தெரிகிறது. ஓடிவந்து காலில் விழுகிறான். தகப்பனார் அவன் தலையைத் தடவுகிறார். திரை. சபையில் விம்மல் கேட்டது. எங்கள் வரிசையின் இரண்டு கோடிகளிலும் கேட்டது. அந்தக் கண்ணீரை நான் பரிகாசம் செய்யவில்லை; அது உண்மையான கண்ணீர்தான்.

தகப்பனாராக வந்தவர் நல்ல நடிகர். இரண்டு மணி நேரமும் மேடையை விட்டுப் போகாமல் உட்கார்ந்திருப்பது சாதாரணக் காரியமா? பிள்ளைகள் வாக்குவாதம் செய்யும்போது நாற்காலியின் கையை அவர் மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்ததும், தன் பெயர் அடிபடும்போது மட்டும் தட்டுவதை நிறுத்தியதும் மிகவும் நேர்த்தி. அவருக்கு ஆசிரியர் எழுதிக் கொடுத்த வசனங்கள் என்ன தெரியுமா? "எனக்கென்னப்பா." "உங்க இஷ்டம்." "நல்லா இருங்க." இவ்வளவுதான்.

நாடகம் முடிந்து வெளியே வந்தோம். வீடு பக்கத்தில்தான். சித்தப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். தெருமுனை தாண்டியதும் கேட்டார்: "ஏண்டா தம்பி, அந்தக் கிழவன் ரெண்டு மணி நேரமா அங்கேயேதானே உட்கார்ந்திருந்தான்? உனக்கு எங்கேய்யா இருக்கணும்னு ஆசைன்னு ஒருத்தனும் கேக்கலியே?"

யாரும் பேசவில்லை. விமர்சனம் எழுதுகிறவர்கள் பத்துப் பக்கம் எழுதினாலும் இதற்கு மேல் அந்த நாடகத்தைப் பற்றிச் சொல்ல முடியாது. யோசித்துப் பாருங்கள். நாடகம் முழுவதும் அவரைப் பற்றியது. ஆனால் அவர் பேச வேண்டிய இடத்தில் பெட்டி பேசுகிறது, ரசீது பேசுகிறது, டாக்டர் பேசுகிறார். மகன் மனம் மாறியதால் மகனுடைய சங்கடம் தீர்ந்தது. தகப்பனாருடைய கேள்வி தீர்ந்ததா? திரை விழுந்த மறுநாள் காலையில் அவர் எங்கே இருப்பார், யாரோடு காபி குடிப்பார்? ஆசிரியர் அதை யோசிக்கவே இல்லை. தகப்பனாரைத் தெய்வமாக உட்கார வைத்துவிட்டார். தெய்வத்தினிடம் அபிப்பிராயம் கேட்கும் வழக்கம் நமக்கு ஏது?

இரவு சாப்பாட்டின்போது சின்னவன்தான் ஆரம்பித்தான். "நீங்களே சொல்லுங்கப்பா" என்றான். சித்தப்பா உடனே பதில் சொல்லவில்லை. மோரை ஊற்றிப் பிசைந்துகொண்டே, "வீடு போனாப் போகட்டும். அந்த வீட்டுல ராத்திரி தனியாப் படுக்க எனக்குப் பயமா இருக்கு. ஆனா காலையில ஆத்தங்கரை வரைக்கும் நடக்கணும். அங்கே நாலு பேரு என்னைப் பேரு சொல்லிக் கூப்பிடணும். பெங்களூர்ல யாருடா கூப்பிடுவா?" என்றார்.

இதை ஒருவரும் எதிர்பார்க்கவில்லை. அப்பாவுக்கு வீட்டின் மேல்தான் உயிர் என்று பெரியவன் நினைத்திருந்தான். அவருக்குத் தனிமைதான் கஷ்டம், எங்கே கூட்டம் இருந்தாலும் சரி என்று சின்னவன் நினைத்திருந்தான். வீட்டை விற்றுவிடலாம், ஊரை விட முடியாது, இரவில் துணைக்கு ஓர் ஆள் வேண்டும் என்பது அவருடைய கணக்கு. கோயில் தெருவில் யாராவது ஒரு குடும்பம் இருக்கும் வீட்டில் ஒரு பகுதியை வாடகைக்கு எடுத்தால் போதும் என்று அதற்கு வழியும் யோசித்து வைத்திருந்தார். பிறகு இரவு ஒரு மணி வரையில் அண்ணனும் தம்பியும் கத்தினார்கள். அன்றைக்கு முடிவு ஒன்றும் ஏற்படவில்லை. ஆனால் வாக்குவாதம் முதல் தடவையாகச் சரியான இடத்தில் நடந்தது.

ஓர் ஓட்டை நாடகம் ஒரு குடும்பத்துக்கு உபகாரம் செய்துவிட்டதே, பிறகு என்ன குறை என்று கேட்கலாம். உபகாரம் செய்தது நாடகமல்ல. அதில் இல்லாமற் போன ஒரு வசனம். அதைக் கண்டுபிடிக்க எங்கள் வரிசையில் சித்தப்பா இருந்தார். மற்ற வரிசைகளில் இருந்தவர்கள் அழுதுவிட்டுப் போயிருப்பார்கள். அழுதாயிற்று, ஆகையால் கடமை தீர்ந்தது என்கிற திருப்தியோடு படுத்துத் தூங்கியிருப்பார்கள். மனத்தைத் தொடுவதுபோல் தொட்டு, தொட வேண்டிய இடத்தை விட்டுவிடுகிற நாடகத்தைவிட, வெறுமே சிரிக்க வைத்து அனுப்புகிற சனிக்கிழமை நாடகமே மேல்.

சபா நடத்துகிறவர்களிடம் இதைச் சொன்னால், "ஜனங்கள் குடும்பத்தோடு வருகிறார்கள். மனம் நோகும்படி எதுவும் இருக்கக் கூடாது" என்கிறார்கள். சரித்திரம் அவர்களுக்கு அனுகூலமாக இல்லை. கே. பாலசந்தரின் 'மேஜர் சந்திரகாந்த்' மேடையில் புகழ் பெற்ற பிறகுதான் 1966-ல் திரைப்படமாக வந்தது. கண் தெரியாத தகப்பனார் ஒருவர் தம்முடைய சொந்த மகனைக் கொன்றவனுக்கே, அது தெரியாமல், அடைக்கலம் கொடுக்கிறார். அவனைத் தேடி வருகிற போலீஸ் அதிகாரி இன்னொரு மகன். எந்தப் பக்கம் நியாயம் சொன்னாலும் யாரோ ஒருவருக்கு வலிக்கும். 1968-ல் சோ மேடையேற்றிய 'முகமது பின் துக்ளக்' அரசியல்வாதிகளை மட்டும் பரிகாசம் செய்யவில்லை. அவர்களுக்கு ஓட்டுப் போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து சிரிப்பவர்களையும் சேர்த்தே பரிகாசம் செய்தது. 1980-ல் கோமல் சுவாமிநாதனின் 'தண்ணீர் தண்ணீர்' வந்தது. அத்திப்பட்டி என்ற வறண்ட கிராமத்து ஜனங்கள் பட்டணத்துக்காரர்களுக்கு முன்னால் வந்து நின்று, தங்களுக்கு என்ன வேண்டும் என்பதைத் தங்கள் வாயாலேயே சொன்னார்கள். இவற்றையெல்லாம் பார்த்தவர்கள் யார்? சபாக் கூட்டந்தான். அக்காளும் தங்கையும் அப்பொழுதும் வந்தார்கள், போண்டாவும் தின்றார்கள். ஆகவே கூட்டத்தின் மேல் பழியைப் போடுவது செல்லாது.

நல்ல நாடகம் என்றவுடன், மேல்நாட்டு உத்திகள் வேண்டும், சோபாவைத் தூக்கிப் போட வேண்டும் என்றெல்லாம் சிலர் சொல்கிறார்கள். சோபா இருக்கட்டும். என்னுடைய கோரிக்கை மிகவும் சிறியது. மேடையில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் என்ன வேண்டும் என்பது எழுதுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதைச் சொல்வதற்கோ, சொல்ல மறுப்பதற்கோ அந்தப் பாத்திரத்துக்கு ஒரு சந்தர்ப்பம் கிடைக்க வேண்டும். மௌனமும் ஒரு வசனந்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒருவர் கேட்டு, மற்றவர் வாய் திறக்காமல் இருந்தால்தான் அது மௌனம். யாருமே கேட்காதபோது அது வெறும் வசனப் பஞ்சம். நாவலாசிரியனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. கிழவர் மனத்துக்குள் என்ன நினைத்தார் என்று ஒரு பாராவில் எழுதிவிட்டுப் போகலாம். நாடகாசிரியருக்கு அந்தக் குறுக்கு வழி கிடையாது. வள்ளியும் வேலனும் எதிரெதிரே நின்று தர்க்கம் செய்வதுபோல், கேள்வியும் பதிலும் மேடையிலேயே நடந்தாக வேண்டும். இதைச் சங்கரதாஸ் சுவாமிகள் அறிந்திருந்தார். ஒத்திகை இல்லாமல் மேடை ஏறுகிற நடிகர்கள் இன்றும் அறிந்திருக்கிறார்கள்.

இப்படி எழுதுவதில் ஆபத்து இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கேட்டால் பதில் வரும். வருகிற பதில் நமக்குச் சாதகமாக இருக்காது. கதை எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாது. பெட்டியும் ரசீதும் உதவிக்கு வராது. கடைசி ஐந்து நிமிஷத்தில் எல்லோரையும் சேர்த்து நிறுத்திப் படம் பிடிக்க முடியாமலும் போகலாம். திரை விழும்போது கைதட்டல் கொஞ்சம் குறைவாகவே இருக்கக்கூடும். ஆனால் ஜனங்கள் வீட்டுக்குப் போகும் வழியில் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஆரம்பிப்பார்கள். உறவுக்காரர்கள் ஒன்றாக வந்து நாடகம் பார்ப்பதில் இருக்கிற பெரிய பிரயோஜனமே அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை நாடகத்தை எழுதியவர் இளைஞர் என்று கேள்விப்பட்டேன். நடிகர்களைக் கையாளத் தெரிந்தவர். சபையை அழ வைக்கவும் தெரிந்தவர். அடுத்த முறை மேடையேற்றுவதற்கு முன்னால் அந்தப் பெட்டியை எடுத்துவிட்டு, மூத்த மகன் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுச் சாய்வு நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து, "உங்களுக்கு எங்கேப்பா இருக்கணும்?" என்று கேட்கும்படி ஒரு காட்சி எழுதிப் பார்க்கட்டும். எழுதி முடிக்கிற வரையில், கிழவர் என்ன சொல்லப் போகிறார் என்பது அவருக்கே தெரியாமல் இருந்தால் இன்னும் நல்லது.